தகரக் குரல்

14 ஜூலை 2024, ஞாயிறு

ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஸ்ரீரங்கம் போய் வந்தேன். ரெங்கராஜுக்கு இனி திரையில் எழுத்து தெரியாது. விழித்திரை போனது போனதுதான் என்று புத்தூர் டாக்டர் போன வாரமே சொல்லிவிட்டாராம். நாலு வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன், என்னிடம் இன்றுதான் சொல்கிறான்.

அவன் கம்பெனியில் சர்வர் எல்லாம் லினக்ஸ். வரும் புகார்களைப் படித்துப் பார்த்துச் சரிசெய்வது அவன் வேலை. பார்வை போனாலும் இதைச் செய்ய முடியுமா என்று பார்க்க, ஆகஸ்ட் 5 அவனுக்குக் கம்பெனி ஒரு தேர்வு வைக்கிறது. முக்கால் மணி நேரத்தில் பத்துப் புகார். முடித்தால் வேலை நிலைக்கும், இல்லாவிட்டால் போய்விடும். திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் மென்பொருளை அவன் லேப்டாப்பில் போட்டுத் தர வேண்டும்.

"நீ இருக்கியேடா ஜைது, எனக்கென்ன" என்றான்.

18 ஜூலை

வாசிக்கும் மென்பொருள் பத்து நிமிஷ வேலை. அது எந்தக் குரலில் பேசுவது என்பதுதான் தலைவலி. இரண்டு தேறின. ஒன்று பழசு, ரொம்பச் சின்னது. மூக்கடைத்த ஆள் தகர டப்பாவுக்குள் இருந்து பேசுவது மாதிரி. இன்னொன்று புதுசு, மனுஷக் குரலில் பழக்கியது, கனமானது. மூச்சு விடுவதுகூடக் கேட்கிறது.

புதுசை ஓடவிட்டேன். அடுப்படியிலிருந்து தங்கை அல்ஃபியா, "யாருண்ணே வந்திருக்கிறது?" என்றாள்.

முடிவாகிவிட்டது.

21 ஜூலை, ஞாயிறு

போட்டுக் கொடுத்தேன். அவன் மனைவி பானுமதிக்குக் கண் கலங்கிவிட்டது. "எங்க அக்கா பேசுற மாதிரியே இருக்குண்ணா."

ரெங்கராஜ் பத்து நிமிஷம் கீபோர்டைத் தட்டிப் பார்த்தான். பிறகு, "அந்தப் பழசையும் காட்டேன்."

காட்டினேன். பானு காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"மாப்ள, இதையே போட்டுடேன்."

"டேய், ரெண்டு நாள் மண்டையை உடைச்சு நல்லதா எடுத்துட்டு வந்திருக்கேன். நாள் முழுக்கத் தகரத்தையா கேப்ப? பைத்தியம் புடிச்சிரும்."

"சரிடா."

27 ஜூலை

போன் செய்தான். "கீ அமுக்கினா கொஞ்சம் லேட்டா பேசுதுடா."

பழகிவிடும் என்றேன். ஆபீஸில் ஆள் காத்திருந்தார். வைத்துவிட்டேன்.

3 ஆகஸ்ட், சனி

போயிருக்க வேண்டும். ஆடிப்பெருக்குக் கூட்டம், காவிரிப் பாலம் தாண்டவே ஒரு மணி நேரம் ஆகும் என்று போகவில்லை. 'கலக்கிடுவடா' என்று வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன்.

5 ஆகஸ்ட்

பத்தில் நாலு.

6 ஆகஸ்ட்

போன் செய்தேன். பானுதான் எடுத்தாள். "தூங்குறாருண்ணா." காலை பதினொரு மணிக்கு.

8 ஆகஸ்ட்

லீவு போட்டேன். வீட்டில் என் லேப்டாப்பில் அதே புதுக் குரலை ஓடவிட்டு, திரையை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன், அவன் உட்காருகிற மாதிரி.

ஒரு கீ. காத்திரு. ஒரு சொல். அடுத்த கீ. காத்திரு. சர்வர் எழுதிவைக்கும் இருநூறு வரிப் பதிவில் பிழை இருக்கும் வரியைத் தேடினேன். அந்தப் பெண் குழந்தைக்குக் கதை வாசிப்பது போல நிதானமாக, அழகாக வாசித்துக்கொண்டு போனாள். வேகத்தைக் கூட்டினால் குழறினாள். அந்த ஒரு வரிக்கு ஏழு நிமிஷம். கண்ணால் பார்த்தால் மூன்று விநாடி.

தகரத்துக்கு மாற்றினேன். விரலை எடுக்கும் முன்பே சொல்லி முடிக்கிறது. மூன்று மடங்கு வேகத்திலும் எழுத்து எழுத்தாகப் பிரிந்து கேட்கிறது.

சோதித்தபோதெல்லாம் நான் திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டிருக்கிறேன். காதுக்கு நன்றாக இருக்கிறதா என்றுதான் பார்த்தேன். வேலை ஓடுமா என்று பார்த்தவன் அவன். ரெண்டு தடவை சொன்னானே — காது கொடுத்துக் கேட்டேனா? எனக்குப் புடிச்சு என்னடா ஆகப் போவுது? ச்சே.

11 ஆகஸ்ட், ஞாயிறு

குரலை மாற்றிக் கொடுத்தேன். "இன்னும் வேகம். இன்னும்" என்றான். உங்கள் மேனேஜரிடம் நான் பேசட்டுமா என்றேன். "கேட்டாச்சுடா. மறுபடி டெஸ்ட் வைக்க மாட்டாங்களாம்."

"அப்பவே உங்ககிட்ட அடிச்சுச் சொல்லியிருக்கலாம்ல இவரு," என்றாள் பானு. "நீங்க கோவிச்சுப்பீங்கன்னு பயம்ண்ணா. காலேஜ்லேருந்தே அப்படித்தானாம்."

"விடு பானு" என்றான்.

எனக்குத் தெரியாது. அவன் 'சரிடா' என்பதை நான் நட்பு என்று நினைத்திருந்தேன்.

22 செப்டம்பர், ஞாயிறு

அவன் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வேலைக்கு விண்ணப்பம் அனுப்பிக்கொண்டிருக்கிறான், இது பதினேழாவது. தகர ஷீட்டில் மழை கொட்டுவது மாதிரி வாசிக்கிறது. எனக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை. அவன் தலையாட்டுகிறான், திருத்துகிறான், ஒரு இடத்தில் சிரிக்கிறான்.

"என்னடா சொல்லுது?"

"மெதுவா வைக்கட்டுமா?"

"வேணாம், வேணாம்."

முன்பெல்லாம் அவன் தடுமாறினால் கீபோர்டைப் பிடுங்கி நானே அடித்துவிடுவேன். இன்று கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். சத்தம் எனக்குத் தொந்தரவாக இருக்கும் என்று ஒரு காதில் இயர்போன் மாட்டிக்கொண்டான்.

பானு கொடுத்த காபியைக் குடித்தேன்.

"போயிட்டு வரேன்டா" என்றேன்.

அதற்குள் இன்னொரு காதிலும் மாட்டியிருந்தான்.