கிணற்றில் கிடந்த சவரக்கத்தி

இஞ்சருங்கோ, முதலில் பேரப்பிள்ளைகளின் கதையைச் சொல்லிவிடுகிறேன். மூத்த பேத்தி கண்டியில் டொக்டருக்குப் படிக்கிறாள். நம் இரண்டு பக்கத்திலும் அவள்தான் முதல் ஆள். அடுத்தவன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். கடைக்குட்டி புலமைப்பரிசில் சோதனை பாஸ். நான் நின்றுபோன அந்த ஐந்தாம் வகுப்பிலேயே அவள் பள்ளிக்கூடத்துக்குப் பெயர் வாங்கிக் கொடுத்துவிட்டாள்.

இதை எழுதும் மேசையில், பேப்பருக்கு மேல், ஒரு சவரக்கத்தி கிடக்கிறது. பிடி உக்கிப்போய் இரும்பு மட்டும்தான். சேற்று மணம் இன்னும் போகவில்லை. உப்புவெளியில் ஒரு பாழ்வளவுக் கிணற்றை இறைத்தபோது வந்ததாம். வளவுக்காரருக்கு நம் வீட்டு விஷயம் தெரியும்; மகனைக் கூப்பிட்டுக் கொடுத்திருக்கிறார்.

உப்புவெளியில் படுக்கையாய்க் கிடந்த ஒருவருக்குச் சவரம் செய்துவிட்டு வரும் வழியில்தானே உங்களைப் பிடித்து வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சட்டைப் பையில் மாமாவின் கத்தி இருந்தது. வெள்ளைக்காரன் கப்பலிலிருந்து உங்கள் அப்பாவுக்குக் கிடைத்த கத்தி.

மகன் இதைப் பழஞ்சாமான் கடையில் காட்டினானாம். துருவைப் பார்த்த கடைக்காரர் நூறு வயதுக்கு மேல் என்றிருக்கிறார். அதோடு மகன் முடிவு கட்டிவிட்டான்.

"அம்மா, இது அப்பான்ரதான். அந்தியேட்டிக் கிரியையைச் செய்து அவரை அனுப்பி வைப்பம். எனக்கும் வயசு போகுது."

எனக்கு உங்கள் சலூன் ஞாபகம் வந்தது. நான் சோறு கொண்டுவந்த ஒரு மத்தியானம், கிண்ணியாவிலிருந்து ஒரு முஸ்லிம் நானா துருப்பிடித்த கத்தியோடு வந்து, ராசா காலத்துச் சாமான் என்று நின்றார். நீங்கள் சிரிக்காமல் சொன்னீர்கள்: "நானா, இந்தக் கடற்காத்துக்கு என்ர மனிசிட கத்தரிக்கோலும் ராசா காலத்ததுதான்." அவரே சிரித்துவிட்டார். பிறகு கத்தியின் கழுத்தைத் துடைத்து, வெட்டியிருந்த எழுத்தை எனக்கும் காட்டினீர்கள். நாட்டின் பெயர் மட்டும் தனியே இருந்தால் பழையது. அதற்கு முன்னால் 'மேட் இன்' சேர்ந்திருந்தால் பிந்தியது. மாமாவின் கத்தியில் ஒரே ஒரு சொல்தான். அப்பனும் மகனும் தீட்டித் தீட்டி, அலகும் வேப்பிலை அளவுக்கு ஒடுங்கிப்போயிருந்தது.

சாம்பலும் புளியும் போட்டுத் தேய்த்தேன். உங்களுடையதாகவே இருந்து தொலையட்டும், இன்றோடு அழுது முடிப்போம் என்றும் ஒரு மனம் இருந்தது. துரு கழன்றதும் எழுத்துத் தெரிந்தது. மூன்று சொல். அலகோ தேயாமல் அப்படியே அகலமாய் இருந்தது. தேய்ந்த இரும்பு கிணற்றுக்குள் கிடந்து வளராது.

இது வேறு யாருடையதோ. அவரும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனவரோ என்னவோ.

மகனிடம் சொன்னேன். அவன் கோபப்படவில்லை. அதுதான் தாங்க ஏலாமல் இருந்தது.

"உங்களுக்கு இது முடியவே கூடாது, என்னம்மா?"

"முடியட்டும் மோனே. ஆனா மற்றாளின்ர சாமானை வைச்சு உன்ர அப்பாவைச் சாகடிக்க என்னால ஏலாது."

அவன் சாப்பிடாமலே போய்விட்டான். கத்தியை வளவுக்காரரிடமே திருப்பிக் கொடுக்கப் போகிறேன். அதைத் தேடி எவளாவது ஒருத்தி வந்தால் அங்கே இருக்கட்டும்.

நான் பொட்டோடுதான் இருக்கிறேன். காணாமல்போனவர்களின் கூட்டங்களுக்கு உங்கள் படத்தைத் தூக்கிக்கொண்டு போகிறேன். அந்தப் படத்தில் உங்களுக்கு நம் மகனைவிட வயது குறைவு. போன முறை பக்கத்தில் இருந்த பிள்ளை ஒருத்தி, "உங்கட மகனா, அம்மா?" என்று கேட்டாள். அந்த முகத்தை வைத்துக்கொண்டு இன்றைக்கு உங்களை யார் அடையாளம் காண்பார்கள்? நரைத்திருந்தாலும் பல் விழுந்திருந்தாலும் பரவாயில்லை. எங்கே இருந்தாலும் ஒரு புதுப்படம் எடுத்துத் தபாலில் போடுங்கள். நாங்கள் வீடு மாறவில்லை.