ஜம்போ இறங்காத கரை

சேசு மரி சூசை

குருநகர்,
24.5.1994

என் குஞ்சனுக்கு,

முப்பது வயதுப் பிள்ளையை யாகப்பு என்று எழுதத்தான் நினைத்தேன். எவ்வளவு கோபமாக இருந்தாலும் கை குஞ்சன் என்றுதான் போகிறது. லண்டனில் நீ சுகமாக இருக்க மாதாவை மன்றாடுகிறேன். எனக்குச் சுகத்துக்குக் குறைவில்லை. அப்பா போய் நாலு மாதமாகிறது. அவருடைய சாறத்தை இன்னும் கொடியில்தான் போட்டு வைத்திருக்கிறேன்.

இந்தக் கடிதத்தை நானே எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள், பிழை இருந்தால் பொறுத்துக்கொள். இதுவரை உனக்கு வந்ததெல்லாம் நான் சொல்லச் சொல்ல உன் சித்தப்பா பிலிப்பு எழுதியவை. செப புத்தகம் என்றால் எழுத்துக்கூட்டி வாசிப்பேன், உன் கூட்டெழுத்து எனக்குப் பிடிபடாது. ஆகவே நீ போடுகிற கடிதங்களை எனக்கு வாசித்துக் காட்டுகிறதும் அவன்தான். அது உனக்குத் தெரியாதா? தெரிந்துகொண்டுதான் அப்படி எழுதினாயா?

போன சனிக்கிழமை கைமாறிக் கைமாறி உன் கடிதம் வந்து சேர்ந்தது. முதல் இரண்டு பக்கமும் ஜம்போ. நீ கூட்டித் துடைக்கிற அந்த விமானத்துக்குள் நானூறு பேராம், உள்ளுக்குள்ளேயே படிக்கட்டாம், மேலே மாடியாம். இனி வரப்போவது அதைவிடப் பெரிசாம். அடியிலிருந்து நுனிவரை இரண்டு தட்டாம், அறுநூறு எழுநூறு பேராம். வருங்காலம் பெரிய விமானத்துக்குத்தான் என்று உன் வேலைத்தலத்துப் பெரியவர் சொன்னாராம். பிலிப்பு சிரித்துச் சிரித்து வாசித்தான். "அண்ணி, எங்கடை கோயில் சனத்தை ஒரே ஏத்திலை ஏத்தலாம் போலை கிடக்கு. உவன் உங்களை மேல்மாடியிலை இருத்தத்தான் போறான். வெத்திலையைப் போட்டிட்டு எங்கடை தலையிலை துப்பிப்போடாதேங்கோ" என்றான். அப்பா போனபின் நான் சிரித்தது அன்றைக்குத்தான்.

பிறகு மூன்றாம் பக்கத்தைத் திருப்பினான். அவன் வாசித்ததை அப்படியே எழுதுகிறேன், உன் சொல் உனக்குக் கேட்கட்டும். "இன்சுலின் உறைஞ்சால் அது மருந்தில்லை, வெறும் தண்ணி. இங்கை மருந்துக்கடையிலை கேட்டனான். ஐஸுக்கு உப்புப் போட்டால் உள்ளை இருக்கிற மருந்து உறையத்தானே செய்யும். ஜம்போவிலை பழுதில்லாமல் வந்த மருந்தை மீன் கட்டுற மாதிரிக் கட்டி நாசமாக்கிப்போட்டார். அப்பாவைச் சாகடிச்சது சித்தப்பாவின்ரை மொக்குத்தனம். அவரை இனி எங்கடை படலைக்குள்ளை விடவேண்டாம்."

ஒரு சொல் விடாமல் வாசித்தான். விட்டுவிட்டு வாசித்திருந்தால் நான் அறிந்திருக்கப் போகிறேனா? மடித்து மாதா படத்தடியில் வைத்தான், செருப்பைக்கூடப் போடாமல் இறங்கிப் போய்விட்டான். அதற்குப் பிறகு உள்ளே வருவதில்லை. கடலால் வந்ததும் இரண்டு மீனை ஈர்க்கில் கோத்துப் படலையில் கொழுவிவிட்டுப் போகிறான். நேற்று ஓடிப்போய் மறித்தேன். "குஞ்சன் வேண்டாமெண்டு எழுதியிருக்கிறானெல்லே அண்ணி" என்று நிலத்தைப் பார்த்தபடியே சொன்னான். அது அவனுடைய தமையன் கட்டிய வீடு, குஞ்சன். அந்தப் படலையை அடித்ததே அவன்தான்.

பழுதில்லாமல் வந்ததாம். உன் ஜம்போ என்ன செய்தது? நீ கொடுத்துவிட்ட மருந்தை அரைநாளில் கட்டுநாயக்காவில் இறக்கியது, திரும்பித் தன்பாட்டில் போனது. அங்கேயிருந்து குருநகருக்குக் கொண்டுவந்தது யார்? உன் கூட்டாளி செல்வநாயகம் கொழும்பில் வைத்து அதைப் பிலிப்பின் கையில் கொடுத்தான், அவ்வளவுதான். பிலிப்பு ஒன்பது நாள், ஐஸ் அடைத்த அந்த ரெஜிபோம் பெட்டியோடு வந்தான். வவுனியாவில் ஆமிக்காரரின் சோதனைக்கு மூன்று நாள் வெயிலில் வரிசை. மீன் லொறிக்காரனிடம் கெஞ்சி ஐஸ் வாங்கி மாற்றினான். கிளாலித் துறையில் மூன்று நாள் படகு விடவில்லை. விட்டபோது படகுக்குள் தண்ணீர் ஏறியது, மற்றவர்கள் தங்கள் பைகளைப் பிடிக்க இவன் பெட்டியைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றானாம். வந்து சேர்ந்தபோது அவன் காலில் தோல் இல்லை.

நீ கடற்கரையில் பிறந்தவன். எங்கள் பரவைக்கடலில் எவ்வளவு தண்ணீர் என்று உனக்கு நான் சொல்லவேண்டுமா? மீன்பிடிக்கிற றோலர் எவ்வளவு பெரிசு என்றாலும் ஆழத்தில்தான் நிற்கும். இடுப்பளவு தண்ணீரில் இறங்கிச் சுமக்கிறவன் இருந்தால்தான் மீன் கரைக்கு வரும். எழுநூறு பேருடைய விமானம் நாளைக்கு வந்தாலும் அதுவும் கட்டுநாயக்காவில்தான் நிற்கும். நாலு தட்டு வைத்துக் கட்டினாலும் அங்கேதான். அதை வருங்காலம் என்கிறாயே, யாருடைய வருங்காலம்? பத்துப்பேர் ஏறுகிற சின்ன விமானம் ஒன்று இங்கே எங்கள் பலாலியில் வந்து, ஒருவரும் மறிக்காமல் மருந்தை இறக்கிவிட்டுப் போகட்டும். அதை நான் வருங்காலம் என்று ஒத்துக்கொள்கிறேன். உன் பெரியவரிடம் இதையும் சொல்லு.

இன்னொன்று இருக்கிறது. அதை எழுதத்தான் இரண்டு நாளாகப் பேனையை வைத்து வைத்து எடுத்தேன்.

பிலிப்பு கொழும்புக்கு வெளிக்கிட்ட அன்று, சைக்கிளில் ஏறினவனை மறித்து, வெறும் ஐஸ் நில்லாது, மீனுக்குப் போடுகிறதுபோல் கைநிறைய உப்புப் போடு என்று சொன்னது நான். "மருந்துக்கும் உப்போ அண்ணி?" என்று அவன் கேட்டான். "உனக்கென்னடா தெரியும், முப்பது வருசமாய் மீன்பெட்டி கட்டுறவள் நான்" என்று ஏசி அனுப்பினேன். வந்து சேர்ந்ததும், வவுனியாவில் திறந்து பார்த்தபோது குப்பி கல்லுப்போல் இருந்தது என்று பெருமையாகச் சொன்னான். நானும் பெருமைப்பட்டேன். அந்த மருந்தைத்தான் மூன்று கிழமை உன் அப்பாவுக்கு ஊசியாகப் போட்டோம். சலரோகம் இறங்கவில்லை. அவருக்குக் காலம் வந்துவிட்டது என்று நினைத்தோம். அவரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு போனார்.

உனக்கு அந்த உப்புக் கதையை எழுதச் சொன்னதும் நான்தான். "அண்ணியின்ரை யோசனை எண்டு எழுதட்டோ?" என்று கேட்டான். "பாடுபட்டவன் நீ, உன்ரை பேரிலை எழுது" என்றேன். சனிக்கிழமை உன் மூன்றாம் பக்கத்தை வாசிக்கும்போது, அண்ணிதான் சொன்னவ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இன்றுவரை ஊரில் ஒருவருக்கும் சொல்லவில்லை.

படலையைச் சாத்துவதென்றால் எனக்குச் சாத்து. பிலிப்புக்கு ஒரு கடிதம் போடு, உறையில் அவன் பெயரை எழுதிப் போடு. எனக்கு எழுதாவிட்டாலும் பரவாயில்லை. அது வரும்வரை நீ என்னைக் கூப்பிட அனுப்புகிற டிக்கட்டில் நான் உன் ஜம்போவின் எந்த மாடியிலும் ஏறமாட்டேன்.

குளிருக்கு நெஞ்சை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. தேவமாதா உன்னைத் தன் கைக்குள் வைத்திருப்பா. அந்த மருந்துக்கடையில் இன்னொரு முறை கேட்டுப் பார், மகனே. நான் உப்புப் போடச் சொல்லாமல் விட்டிருந்தால், ஐஸெல்லாம் உருகி அந்த வெயிலில் ஒன்பது நாள் கிடந்து இங்கே வந்திருந்தால், அது மருந்தாய் இருந்திருக்குமா, உன் அப்பா இருந்திருப்பாரா?

உன்னைப் பெற்றவள்
அருமைநாயகி