மடியில் இருந்த செயின்

பிடிவாதம் கொஞ்சமும் குறையாமல் போய்ச் சேர்ந்த என் அருமை மச்சான் காத்தமுத்துவுக்கு,

இல்லை மச்சான். நீ சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இன்று காலையில் ஜீப்புக்குப் பக்கத்தில் போய் நின்றதும், "ஓடுற வண்டியைப் பிரிக்காத மாப்ள" என்று உன் குரல் காதுக்குள் வந்துவிட்டது. செத்த பிறகாவது ஒரு மனுஷன் வாயை மூட வேண்டாமா?

வண்டி மறுபடி சத்தம் போடுகிறது. இஞ்சினின் மூக்குப் பக்கம், தகர டப்பாவில் ஆணியைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி அதே சத்தம். மிஸ்திரி மண்டல் பாபு வந்து காதை வைத்துக் கேட்டார். அவருக்கு இப்போது ஒரு காதுதான் கேட்கும். அந்த ஒரு காதுக்கே பொறுக்கவில்லை. "சோணை பாய், டைமிங் செயின் டீலா ஹோ கயா. பதல் தோ" என்றார். தொளதொளத்துப் போச்சு, மாத்திடு என்கிறார்.

அடுத்த கப்பலில் உன் மகன் ராசு மெயின்லேண்டிலிருந்து வருகிறான். உன் சாவுக்கு வர அவனுக்குக் கப்பல் அமையவில்லை. ஜெட்டியில் அவனை ஏற்றிக்கொண்டு வண்டூருக்கு இந்த ஜீப்பில்தான் வர வேண்டும். அப்பனைப் பறிகொடுத்தவனை நடுக்காட்டில் இறக்கி வண்டி தள்ளச் சொல்லவா?

மாற்றுவதற்குச் செயின் இல்லையா என்றால், இருக்கிறது. உன் தகரப் பொட்டிக்குள், வேட்டிக்கு அடியில், ஒரு சின்ன மரப்பெட்டியில், கிரீஸ் தடவிய காகிதம் சுற்றி, வலைக் கயிற்றால் முடிச்சுப் போட்டு வைத்திருந்தாய். உன் தங்கச்சி பாண்டியம்மாதான் எடுத்தாள். "எங்கண்ணன் திருந்தவே இல்ல" என்று சொல்லிவிட்டு அழுதாள். எப்போது வாங்கினாய்? கூட்டாளி நான் ஒருத்தன் இருக்கிறேனே, ஏன் சொல்லவில்லை?

ஏன் என்று எனக்குத் தெரியும். சொன்னால் மாற்று என்பேன். மாற்றினால் பெட்டி காலியாகிவிடும். இந்தத் தீவில் ஒரு செயின் வேண்டுமென்றால் மெட்ராஸுக்குச் சொல்லிவிட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். அதனால் உனக்கு ஒரு கணக்கு. "புதுச் செயின் பெட்டிக்குள்ள இருக்கிற வரைக்கும்தான் மாப்ள தைரியம். வண்டிக்குள்ள போயிட்டா அதுவும் பழசுதான்." இதை நீ சொல்லும்போதெல்லாம் எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றும்.

அந்த முதல் செயினுக்கும் இதே கதைதானே. ரோடு போட வந்த நாம் இருவரும், பட்டாளம் விட்டுப்போன இந்த ஜீப்பை எடுத்து வண்டூரிலிருந்து போர்ட் பிளேயருக்கு ஆளும் மீனும் ஏற்றிக்கொண்டிருந்த காலம். வண்டி அன்றே கிழம். செயின் கப்பலில் வந்து இறங்கியும் நீ பெட்டியைத் திறக்க விடவில்லை. இன்றைக்கு மாற்றலாம், மழை முடியட்டும், சாமான் நடை முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே போனாய்.

நான் மரம் ஏற்றுகிற வேலைக்கு மாயாபந்தர் போயிருந்தபோதுதான் உன் தங்கச்சிக்கு அது நடந்தது. வேலிக்கு மூங்கில் பிளந்தவள் கண்ணில் சிலாம்பு தெறித்துவிட்டது. போர்ட் பிளேயர் டாக்டர் கட்டுப் போட்டு, மெட்ராஸுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார். "இந்தக் கப்பலை விட்டா அந்தக் கண்ணை மறந்துடுங்க" என்றாராம். சேதி கேட்டு நான் ஓடி வந்து இறங்கியபோது, கப்பல் கிளம்ப ஒரு ராத்திரிதான் பாக்கி.

வீட்டுக்கு நடந்து வருகிற வழியில் மண்டல் பாபு எதிரே சைக்கிளில் வந்தார். இறக்கம். நிற்கவில்லை. நான் கத்தினேன், "பாபு, செயின்?" அவரும் கத்தினார், "செயின் கா காம் கல், சோணை பாய், கல்!"

இந்த இந்திக்காரர்கள் நேற்றுக்கும் கல் என்பார்கள், நாளைக்கும் கல் என்பார்கள். பின்னால் வருகிற வார்த்தைதான் அது எந்தப் பக்கத்துக் கல் என்று காட்டும். அந்தப் பின்னால் வருகிற வார்த்தையை மண்டல் பாபு சைக்கிளோடு கொண்டுபோய்விட்டார். எனக்கு என்ன தோன்றும்? கண்ணு விஷயம், கப்பல் விஷயம், மச்சானுக்குப் புத்தி வந்து நேற்றே மாற்றிவிட்டான் என்றுதானே தோன்றும்? அவர் சொன்னது நாளைக்கு. பாண்டியம்மாவுக்கு அடிபடுவதற்கு முன்னால் நீயும் அவரும் பேசி வைத்திருந்த நாளைக்கு.

மறுநாள் காலையில் கிளம்பினோம். பாண்டியம்மா முன்னால், என் பக்கத்தில். நீ பின்னால், டிரங்குப் பொட்டியைக் காலுக்கு நடுவில் வைத்து, செயின் வந்த மரப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு. நான் பெட்டியைப் பார்த்தேன். கழற்றின பழைய செயினைக்கூட விடாமல் கட்டிக்கொண்டு அலைகிறானே, என்ன பிறவியோ என்று சிரித்துக்கொண்டேன். சத்தம்கூட எனக்குக் குறைந்த மாதிரிதான் கேட்டது. நம்பிக்கை வந்துவிட்டால் காது எப்படியெல்லாம் துணைபோகிறது பார்.

ஏற்றத்தில் விரட்டினேன். இறக்கத்திலும் விரட்டினேன். சோல்தாரி தாண்டினதும் நீ என் தோளைத் தொட்டாய்.

"மெதுவாப் போ மாப்ள."

"ஏன் மச்சான், பயமா? புதுச் செயின் இருக்குல்ல."

"இருக்கு. மடியில இருக்கு."

நான் திரும்பிப் பார்த்தேன். உன் முகத்தில் விளையாட்டு இல்லை. "பாபு உங்கிட்டச் சொன்னேன்னாரே" என்றாய். "சொன்னாரு" என்றேன். அந்த நிமிஷத்திலிருந்து சத்தம் பழையபடி கேட்க ஆரம்பித்தது. இஞ்சின் முழுக்க ஆணி.

நிறுத்தி மாற்றலாமா? ரேடியேட்டரை இறக்க வேண்டும், முன்பக்க மூடியைக் கழற்ற வேண்டும், மண்டல் பாபுவே ஒரு பகல் எடுத்துக்கொள்கிற வேலை. அதற்குள் கப்பல் கடலில் இருக்கும். போகலாமா? தொளதொளத்த செயின் சக்கரத்தில் ஒரு பல் தாண்டினால் போதும், வண்டி அங்கேயே பிணம். நின்ற இஞ்சினைக் கிளப்பும்போதுதான் அது தாண்டும் என்று பாபு எத்தனை தடவை சொல்லியிருக்கிறார். "அணைச்சிராத" என்று நீ சொன்னாய். "அமுக்கவும் செய்யாத, சட்டுன்னு விடவும் செய்யாத. தயிர்ப்பானை கொண்டுபோற மாதிரி போ."

"அண்ணே, என்ன குசுகுசுன்னு?" என்றாள் பாண்டியம்மா.

"ஒண்ணுமில்ல தாயி. ரோடு சரியில்ல."

எத்தனை பொய் சொன்னாலும் உன் முகம் காட்டிக்கொடுக்கும். நல்ல வேளை, அவள் கட்டுப் போட்ட கண் உன் பக்கம் இருந்தது.

அடுத்த வளைவில் யானை. ஃபாரஸ்ட் யானை ரோட்டுக்குக் குறுக்கே ஒரு பெரிய படாக் மரத்தை இழுத்துக்கொண்டிருந்தது. மரத்தின் தலை ஒரு பக்கம் காட்டில், வால் இன்னொரு பக்கம் காட்டில். நான் நிறுத்தினேன். வண்டி நின்று இஞ்சின் மட்டும் ஓடும்போது அந்தச் சத்தம் இன்னும் மோசம். யானை காதை விரித்தது. மாவுத்தன் மேலேயிருந்து, "இஞ்சின் பந்த் கரோ! ஹாத்தி பிட்கேகா!" என்று கத்தினான். அணைக்காவிட்டால் யானை மிரண்டுவிடும் என்கிறான். அணைத்தால் நம் வண்டி செத்துவிடும்.

நீ பெட்டியோடு இறங்கிப் போனாய். யானைக்கு முன்னால், பெட்டியைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு நின்றாய். "பந்த் கரேகா தோ பிர் நஹி சலேகா, பாய். மேரா பஹன். ஆங்க். ஜஹாஜ்." உன் இந்தி அவ்வளவுதான். அணைச்சா மறுபடி ஓடாது, என் தங்கச்சி, கண்ணு, கப்பல். மாவுத்தன் பாண்டியம்மாவின் கட்டைப் பார்த்தான். பிறகு யானையிடம் குனிந்து ஏதோ சொன்னான். அது ஒரு தடவை பிளிறியது. அப்புறம் முகத்தைக் காட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டு மரத்தை இழுத்தது. அந்த மரம் நகர்ந்த வேகத்தில் எனக்கு மயிர் நரைத்திருக்கும்.

நீ ஏறி உட்கார்ந்ததும் உன் தங்கச்சி சொன்னாளே, ஞாபகம் இருக்கிறதா? நம் இருவரையும்விட அவளுக்கு இந்தி நன்றாக வரும் என்பதை இருவருமே மறந்துவிட்டோம்.

"ரெண்டு பேரும் வாயை மூடிக்கிட்டு வண்டியை ஓட்டுங்க. எனக்குக் கண்ணுதான் போயிருக்கு, காது போகல."

கராச்சரமா வந்தது, டவுன் வந்தது, கடைசி ஏற்றமும் வந்தது. பாண்டியம்மா ஒரு கையால் என் சட்டையைப் பிடித்திருந்தாள். அவள் பயந்து பிடித்தாளா, நான் பயப்படக் கூடாதென்று பிடித்தாளா, இன்றுவரை கேட்டதில்லை.

ஜெட்டியில் கப்பல் ஊதிக்கொண்டிருந்தது. நீ டிரங்குப் பொட்டியை ஒரு கையில் தூக்கி, தங்கச்சியை மறு கையில் பிடித்து, கூட்டத்துக்குள் புகுந்தாய். நான் அப்பாடா என்று சாவியைத் திருப்பி அணைத்தேன். உடனே ஜெட்டி காவலாள், "காடி ஹட்டாவ்", வண்டியை எடு என்று தடியால் பானட்டைத் தட்டினான். ஹேண்டில் போட்டுச் சுற்றினேன். உள்ளே பல் உடைகிற மாதிரி ஒரு சத்தம். அவ்வளவுதான். செயின் தாண்டிவிட்டது.

சரி, புதுசுதான் இருக்கிறதே என்று பின்னால் பார்க்கிறேன். பெட்டி இல்லை. நிமிர்ந்து பார்த்தால் நீ கப்பல் ஏணியில், பெட்டி உன் அக்குளில்.

"மச்சான்! பொட்டி! பொட்டி!"

நீ திரும்பினாய். டிரங்குப் பொட்டியை உயரத் தூக்கிக் காட்டி, "இருக்கு, இருக்கு!" என்றாய். அப்புறம் முதுகைக் காட்டிக்கொண்டு மேலே ஏறிப் போய்விட்டாய். மெட்ராஸிலிருந்து வந்த செயின் மெட்ராஸுக்கே போனது. ஜீப் ஜெட்டி ஓரத்தில் நீங்கள் திரும்பி வரும்வரை மழையில் நின்றது. போகிற வருகிற கூலிகளெல்லாம் அதன் மேல் துணி காயப்போட்டார்கள்.

கண் பிழைத்தது. அவள் ஏணியில் இறங்கி, இரண்டு கண்ணாலும் என்னைப் பார்த்து, "ஷேவ் பண்ணக்கூடாதா" என்றாள். உன்னிடம் சொல்ல நான் எவ்வளவு சேர்த்து வைத்திருந்தேன் தெரியுமா? கேட்டாயா நீ? பெட்டியை என் கையில் கொடுத்து, "பாத்தியா மாப்ள, போக வேண்டிய எடம் வரைக்கும் போச்சுல்ல" என்றாய். "அங்கேயே செத்துச்சே மச்சான்" என்று நான் ஆரம்பிக்கும்போதே துண்டை உதறித் தோளில் போட்டு நடந்துவிட்டாய். அதற்கப்புறம் எத்தனை வருஷம், எத்தனை டீ, எத்தனை சண்டை. இந்த இடம் வந்ததும் துண்டை உதறுவாய், நடப்பாய். நானும் விடவில்லை. யார் சொன்னது சரி மச்சான்?

அன்று நீ கொண்டுவந்து தந்த அந்தச் செயின்தான் இன்று கத்துகிறது. புதுசு என் மடியில் இருக்கிறது. மாற்றலாம் என்று உட்கார்ந்தேன். உன் முடிச்சு. உன் விரல் இறுக்கின வலைக் கயிறு. பிரிக்கக் கை வரவில்லை. பாண்டியம்மா வாசலில் நின்று பார்த்தாள். "ஓடுற வரைக்கும் ஓடட்டுமே" என்று நானே சொன்னேன், மச்சான். என் வாயால். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "எங்கண்ணனை எரிச்சாச்சுன்னு நெனச்சேன்" என்றாள்.

அதனால் இதோ வாக்குக் கொடுக்கிறேன், கேட்டுக்கொள். ராசுவின் கப்பல் வருவதற்குள் செயினை மாற்றிவிடுவேன். கயிற்றை அறுக்க மாட்டேன், முடிச்சாகவே அவிழ்ப்பேன். பழைய செயினை அதே பெட்டியில் வைத்து அதே கயிற்றால் கட்டி, ஜெட்டியில் உன் மகன் மடியில் வைப்பேன். புதுசு வண்டியில், பழசு மடியில் என்று அன்று நான் நினைத்தது அப்படியாவது நிஜமாகட்டும். அவனும் உன்னை மாதிரியே இருந்தால், சோல்தாரி தாண்டினதும் என் தோளைத் தொட்டு, மெதுவாகப் போகச் சொல்வான். எப்போது மாற்றுவாய் என்கிறாயா? மண்டல் பாபுவும் கேட்டார். கல் என்று சொல்லிவிட்டேன்.

அதற்குள் துண்டை உதறிவிட்டாயா? இரு மச்சான், நான் இன்னும் முடிக்கவில்லை. அந்தப் பொட்டி...

உன் தங்கச்சியின் இரண்டு கண்ணிலும் விழுந்து கிடக்கிற,
உன் மாப்ள சோணை