கானானியர் என்று நான் எழுதிய பிழை

என் அன்பான வீட்டுக்காரருக்கு,

நீங்கள் போய் நாலு மாதம் ஆகிறது. பருத்திப்பட்டு ஏரிக்கரையில் நடக்க வருகிறவர்களில் விஷயம் தெரியாத சிலர் இன்னும் என்னை நிறுத்தி, "சார் எப்படி இருக்காரு?" என்று கேட்கிறார்கள். சொல்லிவிட்டு நடக்கிறேன். உங்களுக்காகக் குறைத்த உப்பு குறைந்தபடியே இருக்கிறது. குமணன்சாவடியிலிருந்து நம் மகள் ஷீலா வந்தால் தட்டோரம் தனியாக உப்பு வைத்துக்கொண்டு சாப்பிடுகிறாள்.

இந்தக் கடிதம் நம் சபையின் மாத இதழில் வரப்போகிறது. பத்தொன்பது வருஷமாக நீங்கள் வேதாகமக் குறுக்கெழுத்துப் போட்ட அந்தக் கடைசிப் பக்கத்தையே கேட்டு வாங்கியிருக்கிறேன். உங்களிடம் தனியே சொல்ல வேண்டியதைச் சபையார் காதிலும் விழும்படி சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் உதிரிபாகங்களை அளந்து பார்த்து, தேறியது தேறாதது என்று பிரிக்கிற வேலை உங்களுக்கு. கட்டங்களையும் அதே கண்ணோடுதான் பார்த்தீர்கள். நோவாவின் பேழை, தாவீதின் கவண் என்று சுலபமாகக் கேட்பது உங்களுக்குப் பிடிக்காது. யூதருடைய மாதங்கள், ஆசாரியன் உடுத்தும் ஏபோத்து, மன்னாவை அளந்த ஓமர், நோவாவின் மகன் சேமின் வழிவந்த ஜனங்களின் பெயர்கள் என்று தேடிப் போவீர்கள். "அவங்க ஊட்டுக்குள்ள போய்ப் பாக்காம வேதம் எப்படிப் புரியும், வசந்தா?" என்பீர்கள். எந்தச் சொல் எந்த வசனத்தில் வருகிறது என்று காட்டும் ஒத்தவாக்கிய அகராதியை மடியில் வைத்துக்கொண்டு, கீரை ஆய்கிற என்னிடம், "கூடாரப் பண்டிகை எத்தனை நாள், சொல்லு" என்று கேட்பீர்கள். தெரிந்தாலும் தெரியாது என்பேன். நீங்களே விடை சொல்லும்போது உங்கள் முகம் பார்க்க நன்றாக இருக்கும்.

அன்று காலை பல் துலக்கப் போனவர் வாஷ்பேசினைப் பிடித்தபடியே சரிந்தீர்கள். வலது கையும் பேச்சும் ஒன்றாகப் போயின. ஆஸ்பத்திரி வரவேற்பில் இருந்த பெண், "ஆதார் இருக்காம்மா?" என்று கேட்டதும், சக்கர நாற்காலியில் இருந்த உங்கள் வாயின் இடது ஓரம் மேலே ஏறியது. அது சிரிப்பென்று எனக்கு மட்டும்தான் தெரியும். 'எஸ்தர் புத்தகத்தில் பூரீம் பண்டிகை வரும் மாதம், மூன்றெழுத்து' என்று அந்த மாத இதழில் கேட்டிருந்தீர்கள். விடை, ஆதார். அழுதுகொண்டே நானும் சிரித்தேன். நாம் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி.

வீட்டுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் என்னிடம் தெளிவாகச் சொன்னாள்: "ஆன்ட்டி, நாம சொல்றது அங்கிளுக்கு எல்லாமே புரியுது. வார்த்தைதான் வெளிய வரல. எதுவா இருந்தாலும் அவரையே கேளுங்க. ஆமான்னா தலைய ஆட்டுவாரு." சரி என்றேன். செய்யவில்லை.

இதழ் வேலையைப் பார்க்கும் தேவராஜ் ஒருநாள் வந்தார். வாசலிலேயே நின்று குரலைத் தாழ்த்தினார். "அண்ணி, இந்த மாசம் கட்டத்துக்கு இன்னா பண்றது? வேற யாரையாவது கேக்கட்டா?"

"வேணாங்க. அவரே போடுறாரு. இடது கையால" என்றேன்.

அந்தப் பொய் எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. உங்கள் பெயர் அச்சில் வராமல் போனால் நீங்களும் போய்விடுவீர்கள் என்று பயந்தேன் போலிருக்கிறது. சமையலறை மேடையில் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டேன். நீங்கள் அடுத்த அறையில் மின்விசிறியைப் பார்த்தபடி படுத்திருந்தீர்கள். வாயால் ஒருநாளும் சொல்லாத உங்கள் பெயரை அடியில் எழுதி அனுப்பினேன். ஒரு மாதம், இரண்டு மாதம். யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

மூன்றாவது மாதம் ஐந்தெழுத்தில் ஒரு சொல் உட்கார மாட்டேன் என்றது. இரண்டாவது எழுத்து 'னா' வந்தாக வேண்டும். கானானியர் பொருந்தியது. 'சேமின் வழிவந்த ஒரு ஜனம்' என்று குறிப்பு எழுதிவிட்டேன். ஆதியாகமத்தைத் திறந்து பார்க்கக்கூட இல்லை.

அந்த ஞாயிறுதான் நோய்க்குப் பிறகு முதல்முறையாக உங்களை ஆராதனைக்கு அழைத்துப் போனேன். எல்லோரும் உங்கள் நாற்காலியைச் சுற்றி நின்றார்கள். கரையான்சாவடி சரோஜா அக்கா இதழை விரித்து உங்கள் முன்னால் நீட்டினார். "இன்னாண்ணே, கானான் சேமோட கூடப்பொறந்த காமோட புள்ளையாச்சே? நீங்க சேமாண்ட கொண்ணாந்து உட்டுகிறீங்க. இத்தினி வருசத்துல நீங்க தப்பு போட்டதே கெடையாதே."

அவர் கேலியாகச் சொல்லவில்லை. உடம்பு முடியாதவர் என்ற இரக்கத்தோடுதான் சொன்னார். நீங்கள் இதழை இடது கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தீர்கள். பிறகு அடியில் இருந்த பெயரைப் பார்த்தீர்கள். பிறகு என்னை.

வீட்டுக்கு வந்ததும் பேனாவைக் காட்டிக் கேட்டீர்கள். கொடுத்தேன். அந்தப் பெயரின் மேல் கோடு போட்டீர்கள். தாள் கிழிகிற வரைக்கும் போட்டீர்கள். "மன்னிச்சிடுங்க" என்றேன். நீங்கள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தீர்கள். கட்டிலைச் சுற்றி வந்து உங்கள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அதில் என்ன இருந்தது? கோபமா, அழுகையா? இல்லை, அசதிதானா?

பன்னிரண்டு நாள் கழித்துப் பக்கவாதம் இரண்டாவது தடவை வந்தது. அந்தப் பன்னிரண்டு நாளும் ஊட்டினால் சாப்பிட்டீர்கள். என்னைப் பார்க்கவில்லை.

அடக்க ஆராதனையில் போதகர், "வலது கை விழுந்த பிறகும் இடது கையால் ஊழியம் செய்தவர்" என்று உங்களைப் பற்றிச் சொன்னார். பின்வரிசையில் யாரோ விசும்பினார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். துக்கம் என்று நினைத்து ஷீலா என் தோளை அணைத்துக்கொண்டாள்.

போன வாரம்தான் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் செல்போனில் எதையோ தேடிப் படித்தாள். "அம்மா, வம்சப்படி பாத்தா அது தப்புதான். ஆனா மொழியை வச்சுப் பிரிக்கிறவங்க கானானியரையும் எபிரேயரோட சேத்து ஒரே குடும்பம்னுதான் சொல்றாங்க. சேமோட பேராலதான் அந்தக் குடும்பத்துக்கே பேராம்."

உங்களுக்கு இது தெரிந்திருக்குமா? தெரிந்திருந்தால் அன்றைக்கு எல்லோருக்கும் அரைமணி நேரம் விளக்கியிருப்பீர்கள். எனக்கு ஆறுதலாகத்தான் சொன்னாள். ஆனால் நீங்கள் கோடு போட்டது கானானியர் மேல் இல்லையே.

கட்டத்தை எடுத்துக்கொண்டு பத்தடி நடந்து வந்து, "ஏங்க, இது சரியா?" என்று கேட்டிருக்கலாம். இல்லையென்று தலையை ஆட்டியிருப்பீர்கள். அந்த மூன்று மாதமும் அது உங்கள் வேலையாகவே இருந்திருக்கும். நீங்கள் உயிரோடு இருக்கும்போதே உங்களை இல்லாதவராக வைத்து நான் நடத்திவிட்டேன். பொய்யைவிடப் பெரிய தப்பு அதுதான் என்று இப்போது புரிகிறது.

சபையாரே, அந்த மூன்று கட்டங்களும் நான் போட்டவை. அவருக்கு அதில் பங்கில்லை. இனி யார் அந்த இடது கையைப் பற்றி என்னிடம் புகழ்ந்து பேசினாலும், நின்று, இல்லையென்று சொல்வேன். ஏங்க, உங்களைப் பற்றிய ஒரு நல்ல கதை அதனால் குறைந்து போகும். போகட்டும். நீங்கள் செய்தது மட்டும் உங்கள் பேரில் இருக்கும்படி நான் பார்த்துக்கொள்கிறேன். இது சத்தியம்.

உங்களைக் கேட்காமல் உங்களுக்காகப் பேசிய
உங்கள் மனைவி,
வசந்தா