கசங்கின சட்டைக்காரருக்கு என் குரல்

மார்ச் 3
இன்றைக்கு இஸ்திரிக் கடையில் இருபத்திரண்டு சட்டை, ஒரு திரைச்சீலை. நடுவில் டாக்டர் வீடு. தொண்டைக் கட்டியோடு குரல்வளையையும் எடுத்தாக வேண்டுமாம். பதினான்காம் தேதி ஆபரேஷன். "உயிருக்குப் பயமில்லம்மா, பேச்சுதான் போயிடும்." பேச்சு போனபிறகு எனக்கு உயிர் எதுக்கு டாக்டர் என்றேன். அவர் சிரித்தார். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை.

மார்ச் 4
மகள் கம்ப்யூட்டரோடு வந்துவிட்டாள். யாரோ புண்ணியவான்கள் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று இலவசமாக விட்ட புரோகிராமாம். இப்போது என் குரலைப் பதிந்து வைத்தால், அப்புறம் போனில் நான் எழுதுவதை என் குரலிலேயே பேசுமாம்.
"அச்சு அசலா உன்னை மாதிரியே பேசும்மா."
பாவம்டி அந்தக் கம்ப்யூட்டர்.

மார்ச் 6
வாசிக்க இருநூறு வாக்கியம். மூணாங்கிளாஸோடு படிப்பை நிறுத்தினவள் நான். அச்சடித்ததைப் பார்த்தாலே நாக்கு குழறும். எழுத்துக் கூட்டிக் கூட்டி இரண்டு நாள்.

மார்ச் 8
கம்ப்யூட்டர் பேசியது. குரல் என்னுடையதேதான். ஆனால் "சாப்… பிட… வா… ங்க". ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை வாசிக்கிற மாதிரி! நான் திக்கினதை அப்படியே கற்றுக்கொண்டிருக்கிறது. வயிறு வலிக்கச் சிரித்தோம், நானும் மகளும். அவர் மட்டும், "இது அவ இல்ல"ன்னுட்டு வெளிய போயிட்டார். அந்த முகத்தை என்னால பாக்க முடியல. ஆறே நாள்தான் இருக்கு. என்ன பண்ணப்போறேன்?

மார்ச் 9
மகள் மைக்கை இஸ்திரி மேசை ஓரத்தில் ஒட்டிவிட்டாள்.
"வாசிக்காதம்மா. எப்பவும் போல அப்பாவைத் திட்டு."
இதைவிட நல்ல வேலை யார் தருவார்கள்! ஊர்ச் சட்டையெல்லாம் தேய்க்கிற மனுஷன், தன் சட்டையை மட்டும் கசக்கிப் போட்டுக்கொண்டு நிற்பார். இருபத்தாறு வருஷத்துப் பாட்டு அது. அங்கிருந்தே ஆரம்பித்தேன்.

மார்ச் 11
மூணு நாளா வாய் ஓயலை. நான் திட்டட்டும் என்றே இஸ்திரிப் பெட்டியைக் குப்புற வைத்துக் காலரைத் தீய்க்கிறார். கள்ளன்.

மார்ச் 13
"ஏங்க, அது சட்டையா, கரித்துணியா?"
பின்னாலிருந்து அவர், "வரேன்டி, கத்தாத!"
நான் வாயையே திறக்கவில்லை. மகள் எழுதினாள், கம்ப்யூட்டர் என் குரலில் கேட்டது, அவ்வளவுதான். அவர் வந்து பார்த்து, அங்கேயே உட்கார்ந்து சிரித்தார். இத்தனை நாளில் இன்றைக்குத்தான்.

மார்ச் 14
போயிட்டு வரேன்.

ஏப்ரல் 10
கடைக்கு வந்தாச்சு. போனில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டுவதில் ஒரு கிண்டலுக்கு ஒரு நிமிஷம் ஆகிறது. முன்பெல்லாம் நான் பாதி சொல்வதற்குள் பதில் வந்துவிடும். இப்போது பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, என் விரலையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.
இன்றைக்கும் கசங்கின சட்டைதான். வீட்டு அலமாரியில் தேய்த்த சட்டை நாலு இருக்கிறது. காலையில் நான் பார்த்தேன்.