கேபிள் இல்லாத நேரம்

ஆகஸ்ட் 2, சனி

இனி இந்த நாட்குறிப்பில் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். யாரையும் நல்லவராக்கிக் காட்ட மாட்டேன், என்னையும் சேர்த்துத்தான். "உன் கட்டுரையில எல்லாருமே தியாகியா இருக்காங்களே இல்மா" என்று தமிழ் மிஸ் சிரித்ததிலிருந்து இந்த முடிவு.

அஃப்ஷீன் அக்கா ஆபீசிலிருந்து ஒரு சர்க்யூட் போர்டை வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறாள். உள்ளங்கை அகலம். நடுவில் கறுப்பாக ஒரு சிப், ஓரத்தில் நான்கு பச்சை விளக்குகள். சிப்புக்குள் நான்கு கோர்கள் உண்டு. நான்கு மூளைகள் என்று வைத்துக்கொள் என்றாள். ஆஸ்பத்திரியில் நரம்பு வழியாக மருந்து செலுத்தும் பம்புக்குள் இது போகப் போகிறதாம். முதல் கோர் திரையைக் கவனிக்கும். இரண்டாவது மோட்டாரை ஓட்டும். மூன்றாவது எவ்வளவு மருந்து போனது என்று அளக்கும். அளவு மீறினால் நான்காவது அலாரம் அடிக்கும். அதனதன் வேலை நடக்கும்வரை அதனதன் விளக்கு மினுக்கும்.

சிப்பில் ஓடும் சாஃப்ட்வேரைச் சோதிப்பது அக்காவின் பொறுப்பு. வெள்ளிக்கிழமை பெருந்துறையிலிருந்து பம்ப் கம்பெனிக்காரர்கள் வருகிறார்கள். 'சரியாக ஓடுகிறது' என்று அக்கா கையெழுத்துப் போட்டால் ஆர்டர் கிடைக்கும். அக்காவுக்கும் வேலை நிரந்தரமாகும். மகளுக்கு நிரந்தர வேலை என்று அத்தா இப்போதே எங்கள் துணிக்கடையில் எல்லோரிடமும் சொல்லிவிட்டார்.

"அப்பறம் ஏன் மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கே?" என்று கேட்டேன்.

"போன வாரம் ஒருக்கா நின்னுபோச்சு இல்மா. நான் மட்டுந்தான் பார்த்தேன். அதுக்கப்பறம் எத்தன தடவ ஓட்டியும் நிக்கல. மேனேஜர் சார், கனாக் கண்டீங்களா அம்மணிங்கறாரு."

ஆகஸ்ட் 3, ஞாயிறு

போர்டிலிருந்து லேப்டாப்புக்கு ஒரு கேபிள் போகிறது. நான்கு கோர்களும் தாங்கள் செய்வதையெல்லாம் உடனுக்குடன் எழுதி அதன் வழியே அனுப்புகின்றன. அதற்கு லாக் என்று பெயர். என்னைப் போலவே நாட்குறிப்பு எழுதுகின்றன!

நாள் முழுக்க ஓடியது. நிற்கவே இல்லை. அக்கா சோறு சரியாகச் சாப்பிடவில்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

வரிசையாக எழுத வேண்டும்.

சாயங்காலம். அக்கா உள்ளே தொழுதுகொண்டிருந்தாள். நான் போர்டுக்குப் பக்கத்தில் பாடம் படித்துக்கொண்டிருந்தேன். அம்மா செல்போனோடு வந்து, லேப்டாப் கேபிளை இரண்டு பக்கமும் பிடுங்கிக்கொண்டு போய்ச் சார்ஜ் போட்டுவிட்டார். "அம்மா, அதத் தொடாதீங்க!" என்று கத்துவதற்குள் முடிந்துவிட்டது. ஆனால் போர்டுக்குத் தனி அடாப்டர் இருந்ததால் விளக்குகள் மினுக்கிக்கொண்டுதான் இருந்தன. அப்பாடா என்று புத்தகத்தைத் திருப்பினேன்.

மறுபடி பார்த்தபோது மூன்றாவது விளக்கு மினுக்கவில்லை. நான்காவதும். இரண்டும் அப்படியே உறைந்து எரிந்தன. முதல் இரண்டும் ஒன்றுமே நடக்காததுபோல் மினுக்கின.

இரண்டாவது மோட்டார். மோட்டார் ஓடுகிறது. அளப்பது நின்றுவிட்டது. அலாரமும் நின்றுவிட்டது. அப்படியென்றால் கட்டிலில் படுத்திருப்பவருக்கு மருந்து மட்டும் போய்க்கொண்டே—

அக்கா வந்து பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் ஒண்ணும் பண்ணலியே கண்ணு, சார்ஜ் போடத்தானே எடுத்தேன்" என்று அம்மா அழுகிற மாதிரி ஆகிவிட்டார்.

"நீங்க எடுத்ததுனாலதானுங்கம்மா தெரிஞ்சுது" என்று அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கேபிள் இல்லாவிட்டால் கோர்கள் லாக் எழுதாதாம். எழுதுகிற நேரம் மிச்சமாவதால் வேகமாக ஓடி, மூன்றும் நான்கும் ஒன்றையொன்று மறித்துக்கொள்கின்றன. எனக்குப் புரியவில்லை. "நம்ம துணிக்கடைய நெனச்சுக்கோ" என்றாள். புரிந்துவிட்டது! கடையில் துணி வெட்டும் இஸ்மத் அண்ணன் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு மீட்டர் கோலுக்கு நிற்பார். ஐயாசாமி அண்ணன் மீட்டர் கோலை வைத்துக்கொண்டு கத்தரிக்கோலுக்கு நிற்பார். "நீங்க குடுங்க மொதல்ல." "ஏன், நீங்க குடுத்தா ஆகாதா?" துணி வாங்க வந்தவர் போய்விடுவார். அத்தா கல்லாவில் இருந்தால் இது நடக்காது. "என்ன வெட்டறீங்க?" என்று ஒவ்வொருவரையாகக் கேட்பார்; பதில் சொல்லும் நேரத்தில் மற்றவர் வேலையை முடித்துவிடுவார். அத்தா தொழுகைக்குப் போனால்தான் நடக்கும்.

லாக் என்பது கல்லாவில் உட்கார்ந்திருக்கும் அத்தா. பார்க்கும்போது மட்டும் ஒழுங்காக இருக்கிறது. இப்படிக்கூட ஒரு மெஷின் இருக்குமா?

ஆகஸ்ட் 6, புதன்

அக்கா ஆபீசில் காட்டினாள். மேனேஜர் திருமலைசாமி சார் கண்ணெதிரேயே நின்றது. அவர் சொன்னதை அக்கா அப்படியே சொன்னாள்:

"அப்ப கேபிள் இல்லாட்டியும் லாக் எழுதிட்டே இருக்கற மாதிரி வெச்சுப்போடுங்க அம்மணி. எழுதற வரைக்கும் நிக்கறதில்லீங்கல்ல? வெள்ளிக்கெழம முடியட்டும். அப்பறம் பாத்துக்கலாமுங்க."

"நீ என்ன சொன்னே?"

"நாலும் ஒரே நேரத்துல ஓடுது இல்மா. எது முந்தும், எது பிந்தும்னு ஒவ்வொரு தடவையும் மாறும். எங்கெங்க மோதுதுன்னு முழுசாத் தேடறதுக்கு ஒரு மாசமாவது வேணும்."

நான் கேட்டதற்கு அது பதில் இல்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

அக்கா கையெழுத்துப் போட்டுவிட்டாள். "இத எழுதாதே" என்றாள். எழுதிவிட்டேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

காலையில் அவள் செருப்பு மாட்டும்போது கேட்டேவிட்டேன். "அந்தக் கட்டில்ல படுத்திருக்கறது நம்ம அம்மாவா இருந்தா?" அக்கா திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினாள். கேட்டது சரிதான். கேட்ட குரல் சரியில்லை. இரண்டையும் எழுதுகிறேன்.

சீக்கிரமே வந்துவிட்டாள். "எப்படிப் போச்சு கண்ணு?" என்று அம்மா கேட்டதற்கு, "போச்சு" என்றாள். அத்தா வாங்கி வந்த மைசூர்பா பெட்டி பிரிக்காமல் இருக்கிறது.

ஆகஸ்ட் 11, திங்கள்

நாலு நாளாக அக்காவோடு பேசாமல் இருந்தேனே, என்னை என்ன செய்வது?

அக்காவோடு வேலை பார்க்கும் லாஸ்யா அக்கா, வெள்ளிக்கிழமை அக்கா ஆபீசில் விட்டுவந்த டிபன் பாக்ஸைக் கொடுக்க வந்தார். அக்கா இன்று ஆபீசுக்கு லீவு; வீட்டிலும் இல்லை. "உங்க அக்கா பண்ணுனது தெரியுமா?" என்றார். கையெழுத்துத்தானே, தெரியும் என்றேன்.

"எந்தக் கையெழுத்து? அதத்தான் திருப்பிக் கேட்டுட்டாளே!"

பெருந்துறைக்காரர்களுக்கு எல்லாவற்றையும் ஓட்டிக் காட்டியாகிவிட்டது. ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. டீ வந்தது. அப்போது அக்கா எழுந்து, லாக் எழுதாத பழைய சாஃப்ட்வேரைப் போட்டு, கேபிளையும் பிடுங்கிவிட்டாளாம். "கொஞ்சம் இருங்க. நான் போட்ட கையெழுத்து தப்புங்க. இப்பப் பாருங்க." டீ ஆறுவதற்குள் இரண்டு விளக்குகள் உறைந்துவிட்டன. வந்தவர்களில் ஒருவர், "ஏனுங்க, அளக்கறது நின்னும் மோட்டார் ஓடுதுங்களா?" என்று எழுந்தே நின்றுவிட்டாராம்.

"சார் மூஞ்சியப் பாக்கணுமே! நானா இருந்தா வாயத் தொறந்திருக்க மாட்டேன்."

ஆர்டர் தள்ளிப்போய்விட்டது. அக்காவின் வேலையை நிரந்தரமாக்காமல் ஆறு மாதம் நீட்டிவிட்டார்கள். "நிக்காம ஓட்டிக் காட்டுங்க, அப்பறம் பேசலாம்" என்பதைத் தவிர சார் எதுவும் பேசவில்லையாம்.

அக்கா என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் எழுதியதெல்லாம் உண்மைதான். ஆனால் வியாழக்கிழமையோடு நின்றுவிட்ட உண்மை. நான் பார்க்காத அறையில், யாரும் கேட்காதபோது, அவள் எழுந்திருக்கிறாள்.

அக்கா வந்ததும் மைசூர்பா பெட்டியைப் பிரித்து நீட்டினேன். "லாஸ்யா வந்தாளா?" என்றாள். ஒன்றை எடுத்துக்கொண்டாள்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

பொள்ளாச்சியில் மாமா மகளின் நிக்காஹ் முடிந்து சாயங்காலம் வந்து சேர்ந்தோம்.

நேற்றுக் காலை கிளம்பும்போது அக்கா போர்டை ஓடவிட்டு வந்திருந்தாள். கேபிள் இல்லை. லாக் இல்லை. வீடு பூட்டு. இந்த மாதம் முழுக்க உட்கார்ந்து ஒவ்வொரு இடமாகத் தேடி மாற்றியிருக்கிறாள். துணிக்கடைக் கணக்கில் சொன்னால்: யாராக இருந்தாலும் மீட்டர் கோலை எடுத்த பிறகே கத்தரிக்கோலைத் தொட வேண்டும். கோல் கிடைக்காவிட்டால் வெறும் கையோடு காத்திருக்க வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறது.

அம்மா பூட்டைத் திறந்தார். பட்டுச் சேலையோடு அக்கா அறை வாசலிலேயே நின்றுவிட்டாள். நான்தான் முதலில் எட்டிப் பார்த்தேன்.

நான்கும் மினுக்கிக்கொண்டிருந்தன.

"நாளைக்கு ஆபீஸ்ல சார் வந்து பாக்கறாராம்" என்றாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, "நீ எழுதலையா?" என்றாள்.

"அப்பறம் எழுதிக்கறேன்."

இருவரும் மேசைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு, "இனி காவல் இருக்க வேண்டியதில்ல" என்று அக்கா கையை நீட்டிப் போர்டின் சுவிட்சை அணைத்தாள். நான்கு விளக்குகளும் ஒன்றாக அணைந்தன.