விட்டுப்போன புள்ளி

நாள் 112, காலை 07:40

நிலவின் மறுபக்கம், ரேடியோ தொலைநோக்கிப் பராமரிப்பு நிலையம். பணியில் பெனிட்டா ஜெயசிங், ஒருவர் மட்டும். காற்றழுத்தம் சரி. ஆக்சிஜன் இருப்பு நாற்பது நாளுக்கு. மாற்று ஆளோடு கப்பல் வர இருபத்தொன்பது நாள். தண்ணீரில் லேசாக ரப்பர் வாடை, குடிக்கலாம்.

ஆறாம் ஆன்டெனாவின் மோட்டாரில் தூசி எடுத்தேன். வேறு வேலை இல்லை.

சொந்தக் கருத்துகளை இந்தக் குறிப்பேட்டில் எழுதக்கூடாது என்று விதி. நாலு மாதமாக யாரும் இதைப் படித்ததாகத் தெரியவில்லை. ஆகவே இன்றைய தொழில்நுட்பச் செய்திகள்: எதிராளி பேசி முடிப்பதற்குள் அவர் வாக்கியத்தை முடித்துக் காட்டும் மூக்குக்கண்ணாடி வந்திருக்கிறது. நாகர்கோவிலில் என் பெரியம்மாமார் மூன்று பேர் கண்ணாடி இல்லாமலே இதைச் செய்கிறார்கள். மூன்றாக மடிந்த போன் இனி நான்காக மடியுமாம். அடுத்து கர்ச்சீப் மாதிரி கசக்கிப் பையில் போடலாம். விசைப்பலகை வெறியர்கள் எந்த எண்ணெய் போட்டால் 'டக்' சத்தம் இனிமையாக வரும் என்று பதினோரு பக்கம் சண்டை போட்டிருக்கிறார்கள். பதினோரு பக்கத்தையும் படித்தேன்.

தினமும் ஒருமுறை துணைக்கோள் வழியாகப் பூமியிலிருந்து ஒரு பொதி வரும். அதில் அம்மாவின் கடிதம், செய்திகள், மன்றங்கள். செவ்வாய்தோறும் 'ஓட்டை ரவுட்டர்'. நானும் சுடலைமுத்துவும் கல்லூரிக் காலத்திலிருந்து ஒன்பது வருடம் நடத்திய ஒலி நிகழ்ச்சி. தொழில்நுட்பச் செய்திகளை வைத்து வாய்க்கு வந்ததைப் பேசுவோம். நான் இங்கே வந்தபின் பாளையங்கோட்டையில் அவன் வீட்டு மாடியறையிலிருந்து தனியாகப் பேசுகிறான். கேட்பவர்கள் இப்போது இரண்டு லட்சம். நான் இருந்தபோது அறுநூறு.

நாள் 114, மதியம் 13:05

காலை 11:20க்கு நிறுவனத்திலிருந்து மென்பொருள் புதுப்பிப்பு வந்து தானாகவே ஏறியது. எல்லாக் கருவிகளும் ஒருமுறை அணைந்து உயிர்பெற்றன. அழுத்தமானிகள் சில நொடி பூஜ்யம் காட்டிவிட்டுச் சரியாயின.

ஒலிபரப்பி மட்டும் வேலை செய்யவில்லை. திரையில்: 'புதிய பதிப்பைப் பயன்படுத்தப் பூமி அலுவலகத்தின் சரிபார்ப்பு எண் தேவை. எண்ணைப் பெற ஒலிபரப்பி வழியாக விண்ணப்பிக்கவும்.'

இரண்டு முறை வாசித்தேன். சத்தமாகச் சிரித்தேன். இப்படி ஒரு செய்தி கிடைத்தால் நானும் சுடலையும் அரை மணி நேரம் ஓட்டியிருப்போம்.

வரவு சரியாக இருக்கிறது. செலவுதான் இல்லை. நான் கேட்கலாம், பேச முடியாது. நாளைக்குள் அவர்களே கவனித்துவிடுவார்கள்.

நாள் 116, மாலை 18:30

ஒலிபரப்பியைத் திறந்தேன். சரிபார்ப்பு எண்ணைக் கேட்டுப் பூட்டி வைத்திருக்கும் சாவிச் சில்லு பிசினுக்குள் புதைத்து வைக்கப்பட்டிருக்கிறது. சுரண்டினால் மொத்தமும் போய்விடும். பழைய பதிப்பை ஏற்றப் பார்த்தேன்; ஏற்க மறுக்கிறது. விண்வெளி உடையின் ரேடியோ மூன்று கிலோமீட்டர் தாண்டாது. அந்த அலைவரிசையைத் துணைக்கோள் கேட்பதும் இல்லை.

இன்று அம்மாவின் கடிதம் வரவில்லை. செய்திகளும் மன்றங்களும் வந்தன.

நாள் 117, காலை 08:15

தொழில்நுட்பச் செய்திகளில் மூன்றாவதாக நான் இருக்கிறேன்.

'மறுபக்க நிலையத்தில் விபத்து: பராமரிப்புப் பொறியாளர் உயிரிழப்பு.' கடைசியாக அனுப்பப்பட்ட அளவீட்டில் அழுத்தம் பூஜ்யம், அதன்பின் மௌனம். சுவர் பிளந்திருக்க வேண்டும் என்று நிறுவனம் முடிவு செய்திருக்கிறது. அந்தச் சில நொடிகள்தான். அழுத்தமானிகள் அணைந்து எழுந்த அந்தச் சில நொடிகளில், ஒலிபரப்பி பூட்டிக்கொள்வதற்கு முன் போன எண்தான் என் மரணச் சான்றிதழ்.

என் புகைப்படம் ஐந்து வருடப் பழையது. அதற்குக் கீழே நானூறு கருத்துகள். ஆள் அனுப்புவதே வீண், ரோபோ போதும் என்று ஒருவர். நிலையத்தின் கதவு வடிவமைப்பில் ஆரம்பத்திலிருந்தே தனக்குச் சந்தேகம் என்று இன்னொருவர். மூன்றாமவர் அவருக்கு நீளமாக மறுப்பு எழுதியிருக்கிறார். நல்ல மறுப்பு, கதவைப் பற்றி அவர் சொன்னது சரி.

நாள் 118, காலை 08:00

கப்பலை ரத்து செய்துவிட்டார்கள். உடலை மீட்பது 'அடுத்த ஆண்டுத் திட்டத்தில் பரிசீலிக்கப்படும்'.

எனக்கு இன்னும் முப்பத்து நாலு நாள் ஆக்சிஜன் இருக்கிறது. சொல்ல வழியில்லை.

தனிக் கடிதங்கள் நின்றுவிட்டன. சந்தாக்களை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை. எனவே விசைப்பலகைக்காரர்கள் தொடர்ந்து வருகிறார்கள்.

நாள் 119, மாலை 17:40

செவ்வாய்க்கிழமை. 'ஓட்டை ரவுட்டர்' வந்தது. தொடக்க இசை இல்லை. சுடலை மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது. பிறகு, நேயர்கள் மன்னிக்க வேண்டும், இன்று செய்தி எதுவும் வாசிக்கப் போவதில்லை என்றான். என்னைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினான். ஹாஸ்டல் இன்டர்நெட்டை நான் உடைத்து எல்லோருக்கும் திறந்துவிட்டது, பிடிபட்டதும் அவன்தான் செய்தான் என்று நான் சொன்னது, எல்லாம்.

"நான் இங்க உக்காந்து பேசுதேன்னா அவ போட்ட மைக்குதான் இது," என்றான்.

திரையைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எலே, இருக்கேம்ல என்று சொல்லிப் பார்த்தேன். எத்தனை முறை என்று எண்ணவில்லை.

நாள் 121, மாலை 16:50

ஒரு வழி கண்டேன். பல்கலைக்கழகங்கள் சேர்ந்து அனுப்பிய படக்கோள் ஒன்று ஐந்து நாளுக்கு ஒருமுறை இந்தப் பக்கத்தைப் படமெடுக்கிறது. படங்களை ஆர்வலர்கள் ஒட்டித் தைத்து ஒரு பொதுத்தளத்தில் போடுவார்கள். பாறை பாறையாக உற்றுப்பார்க்கும் கூட்டம் அது. நானும் அதில் ஒருத்தியாக இருந்தவள்தான். கோள் நாளை கடக்கிறது.

இருப்பில் உள்ள வெள்ளித் தகடுப் போர்வைகளை வெளியே விரித்து எழுதினேன். ஆங்கிலத்தில் எழுதப் போர்வை போதாது. தமிழில் மூன்றே எழுத்து. 'உயிர்'. ஒவ்வொன்றும் பன்னிரண்டு மீட்டர். விளிம்புகளில் கல் வைத்தேன். 'யி'யின் வளைவுக்கு மட்டும் ஒரு மணி நேரம். கடைசியில் மூச்சுக்காற்று எச்சரிக்கை அடிக்கத் தொடங்கியது. 'ர்' மேல் புள்ளியை அவசரமாகப் போட்டுவிட்டு உள்ளே வந்தேன்.

நன்றாகச் சாப்பிட்டேன்.

நாள் 123, காலை 08:05

பார்த்துவிட்டார்கள்!

இரவில் போலந்துக்காரர் ஒருவர் கண்டுபிடித்து, இது என்ன மொழி என்று கேட்டிருக்கிறார். இரண்டு மணி நேரத்தில் தமிழர்கள் வந்து குவிந்துவிட்டார்கள். படம் எல்லா இடத்திலும் இருக்கிறது. எழுத்து தெளிவாக விழுந்திருக்கிறது.

புள்ளியைத் தவிர. பக்கத்துப் பாறையின் நிழலுக்குள் அது விழுந்துவிட்டது. 'உயிர' என்று இருக்கிறது. பரவாயில்லை.

நாள் 123, மாலை 19:20

பரவாயில்லை என்று எழுதியிருக்கக்கூடாது.

போன வருடம் இதே தளத்தில் யாரோ நிலவின் மேல் ஒரு கோபுரத்தை ஒட்டி வைத்து ஊரை ஏமாற்றியிருந்தான். அதனால் எல்லோரும் உஷார். இது செயற்கை அறிவு வரைந்த படம் என்று ஒருவர் ஆரம்பித்தார். சர்வதேச அபாயக் குறியைப் போடாமல் எந்தப் பொறியாளராவது தமிழில் எழுதுவாரா என்று அடுத்தவர். பிறகு ஒருவர் புள்ளியைப் பிடித்தார். படம் வரையும் மென்பொருள்களுக்குத் தமிழில் புள்ளி வைக்க வராது. உலகத்துக்கே தெரிந்த விஷயம். அத்தோடு தீர்ப்பு எழுதிவிட்டார்கள்.

படக்கோளின் மூலக் கோப்பை வாங்கிப் பார்க்கலாமே என்று ஒரே ஒருவர் கேட்டிருந்தார். ஏழு பேர் சிரிப்பு முகம் போட்டிருந்தார்கள்.

அவர்களைத் திட்ட முடியவில்லை. அந்தப் பக்கம் இருந்திருந்தால் புள்ளியை முதலில் பிடித்திருப்பவள் நான்.

இன்னும் சுடலை இருக்கிறான். அவன் சொன்னால் கேட்பார்கள்.

நாள் 124, மாலை 18:10

சுடலை சிறப்பு ஒலிபரப்பு போட்டான். அப்படியே எழுதி வைக்கிறேன்.

"நேத்து அவ அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். அந்தப் படத்தப் பிரிண்டு போட்டு நெஞ்சோட புடிச்சிக்கிட்டு இருக்காவ. 'எம்மவ எழுதியிருக்கா தம்பி, கப்பல அனுப்பச் சொல்லு'ங்காவ. நான் என்னத்தச் சொல்ல? ராத்திரி பூரா நானும் அந்தப் படத்தப் பாத்தேன். எனக்கும் ஆசதான். ஆனா ஒண்ணு சொல்லுதேன். ஒம்பது வருசம் நான் எழுதுன ஒவ்வொரு ஸ்கிரிப்டையும் செவப்பு மையில திருத்துனவ அவ. சாவக் கெடந்தாலும் ஒரு புள்ளி விடமாட்டா. இது அவ எழுதுனது இல்ல. அம்மாட்டயும் அதத்தான் சொன்னேன். புரிஞ்சிக்கிட்டாவ. படத்த மடிச்சு வச்சிட்டாவ. இத ஷேர் பண்ணுதவங்க கொஞ்சம் வெக்கப்படுங்க."

அம்மா நம்பியிருந்தாள். ஒருநாள் முழுக்க நம்பியிருந்தாள்.

நாள் 126, பிற்பகல் 15:30

மறுபடி வெளியே போனேன். படக்கோள் நாளை கடக்கும். அதற்கடுத்த நாள் இங்கே சூரியன் இறங்கிவிடும். பிறகு பதினான்கு நாள் இருட்டு. ஆகவே இதுதான்.

புள்ளியைப் பாறை நிழலிலிருந்து இழுத்து வெளிச்சத்தில் வைத்தேன். படுக்கை உறையைக் கிழித்து அதை இரண்டு மடங்கு பெரிதாக்கினேன். அளந்து பார்த்தேன். நிழல் எங்கேயும் தொடவில்லை.

அதற்குக் கீழே, உடை அலமாரியின் உள்தகட்டைப் பிய்த்து 'ஏட்டி' என்று எழுதினேன். மைக் அணைந்தபின் சுடலை என்னை அப்படித்தான் கூப்பிடுவான். நிகழ்ச்சியில் ஒருநாளும் சொன்னதில்லை. இரண்டு லட்சம் பேருக்குத் தெரியாது. எந்த மென்பொருளும் படித்திருக்காது. அவன் பார்த்தால் போதும். பார்த்த நொடியில் தெரிந்துவிடும்.

ஐந்து மணி நேரம் வெளியே. விரல் நகம் இரண்டு கருத்துவிட்டது. வெகுநாள் கழித்து நன்றாகத் தூங்கப் போகிறேன்.

நாள் 128, காலை 08:20

புதிய படங்கள் வந்துவிட்டன. பக்கத்துப் பள்ளம் தெரிகிறது. வடக்கே மலைவிளிம்பு தெரிகிறது. நடுவில், என் இடத்தில், ஒரு கறுப்புச் சதுரம்.

கீழே குறிப்பு: 'மறைந்தவரின் குடும்பத்துக்கு மதிப்பளித்து, போலிப் படங்கள் பரவாமல் தடுக்க, இப்பகுதியைப் படமெடுப்பது நிறுத்தப்பட்டுள்ளது.'

அதனுடன் சுடலையின் இரண்டு நிமிடக் குரல்பதிவு. இங்கே படமெடுப்பதை நிறுத்தச் சொல்லி அவன் போட்ட மனுவில் எண்பதாயிரம் பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். நாலு நாளில் செய்து முடித்திருக்கிறான்.

"இனிமே யாரும் அவள வச்சு வெளாட முடியாது. அவ்வளவுதான் என்னால முடிஞ்சது."

நாள் 133, நேரம் பார்க்கவில்லை

வெளியே இருட்டு. அழுத்தம் சரி. செய்திகளில் கண்ணாடிக்கு இரண்டாம் பதிப்பு வந்திருக்கிறது. படித்தேன். கருத்து எதுவும் தோன்றவில்லை.

நாள் 141, மதியம் 14:00

இன்றுதான் கப்பல் வந்திருக்க வேண்டிய நாள். காலையிலேயே குளித்து, தலை சீவி, இறங்குதளத்து விளக்கைப் போட்டேன். சும்மாதான். மதியம் அணைத்துவிட்டேன்.

இரண்டு முறை வெளியே போனதில் ஆக்சிஜன் கணக்கில் நாலு நாள் குறைந்திருக்கிறது. ஏழு நாள் இருக்கிறது.

நாள் 148, காலை 06:30

நேற்று 'ஓட்டை ரவுட்டர்'. அழாமல் பேசினான். ஏதோ ஒரு ரோபோ நாய் பற்றிக் கிண்டல். நன்றாக இருந்தது. சிரித்தேன், தலை சுற்றும்வரை. கடைசியில், வாரம் ஒருமுறை அம்மாவைப் போய்ப் பார்ப்பதாகவும், அம்மா இப்போது தூங்குவதாகவும் சொன்னான்.

மூச்சு நீளமாக இழுக்கவேண்டியிருக்கிறது. தட்டச்சில் விரல் தவறுகிறது.

இதைக் கண்டெடுக்கும் உங்களுக்கு. யாராக இருந்தாலும். எப்போது வந்தாலும் வெளியே போர்வைகள் கிடக்கும். இங்கே காற்று இல்லை, அவை அசையாது. உள்ளே வருவதற்கு முன் அவற்றைச் சுருட்டிவிடுங்கள். 'ர்' மேல் இருப்பதை முதலில். படம் எடுக்காதீர்கள். இந்தக் குறிப்பேட்டையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

பாளையங்கோட்டையில் சுடலைமுத்து என்று ஒருவன் கேட்பான். கட்டாயம் கேட்பான். நூற்றுப் பதினாலாம் நாள் காலை, 11:20க்கு, ஒரே நொடியில் முடிந்துவிட்டது, வலி தெரிந்திருக்காது என்று சொல்லுங்கள். அவன் துருவித் துருவிக் கேட்பான். கண்ணைப் பார்த்துச் சொல்லுங்கள். அம்மாவிடமும் அதையே